பாடல் ஹலாலா என்று கேட்கிறோம், பிரதி ஹலாலா?

ரமலான் பிறை தெரிந்த இரவே நம் வீடுகளில் பாடல் தேடும் வேலை தொடங்கிவிடுகிறது. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாடல்கள், மாஹிர் ஸைன், ஸாமி யூசுஃப் போன்றோரின் நஷீதுகள் எல்லாம் கைப்பேசிக்கு வந்து சேர வேண்டும். அலைபேசிக் கடையில் சிறு தொகைக்கு மெமரி கார்டு நிறைய ஏற்றித் தருகிறார்கள். யூடியூப் முகவரியைக் கொடுத்தால் எம்பி3 ஆக்கித் தரும் தளங்களும் உள்ளன. அப்பாடலில் இசைக்கருவி உண்டா, தஃப் மட்டும்தானா என்று நம்மிடம் கேட்போர் பலர். அந்தப் பிரதி எவருடைய அனுமதியோடு கைக்கு வந்தது என்று கேட்போர் மிக அரிது.

இசைக்கருவி குறித்து உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் இங்கே நுழையவில்லை. குரலும் தஃபும் மட்டுமே உள்ள பாடலை எடுத்துக்கொள்வோம். அதை எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், செலவு செய்து பதிவு செய்தவர் ஒருவர். இவர்களின் உழைப்பை இவர்களைக் கேளாமலே எடுத்துக்கொள்வது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, சம்பந்தப்பட்ட விஷயம். ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணலாகாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தடுக்கிறது.

"பிரதி எடுத்தால் மூலம் குறைவதில்லையே, இது எப்படித் திருட்டாகும்?" என்பர் சிலர். கைவெட்டும் தண்டனைக்குரிய திருட்டு என்று எவரும் சொல்லவில்லை. நூலுரிமை விற்கத்தக்க பொருளே அன்று என்று கருதிய ஆலிம்கள் முற்காலத்தில் இருந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் கண்டுபிடிப்புரிமையும் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. நாம் அதையே வலுவான கருத்தாகக் கொள்கிறோம். மேலும் இந்தியாவில் வாழும் நம்மை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு வாதம் கேட்க இனிமையானது: "தீனைப் பரப்பத்தானே பகிர்கிறோம்!" மோசடியாக எடுத்த பொருளிலிருந்து கொடுக்கும் தர்மத்தை அல்லாஹ் ஏற்பதில்லை என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தர்மத்துக்கே அந்த நிலை என்றால், பிறர் பாடலைப் பகிர்வதற்கு மட்டும் தனிச் சலுகை எங்கிருந்து வந்தது?

நேரான வழிகள் இல்லாமலும் இல்லை. ஐடியூன்ஸ் ஸ்டோரில் ஒரு பாடலைத் தனியாகவோ, தொகுப்பு முழுவதையுமோ விலைக்கு வாங்கலாம். வாங்கிய கோப்பு நம்முடனே இருக்கும். பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் பாடகரே விலை வைக்கிறார். விரும்பியதைக் கொடுங்கள் என்று விட்டுவிடுவோரும் அங்கு உண்டு. தளத்தின் பங்கு பொதுவாக 15 விழுக்காடுதான் என்பதால் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உழைத்தவரைச் சென்றடைகிறது. மாஹிர் ஸைனின் தொகுப்புகள் குரல் மட்டும் கொண்ட தனிப் பதிப்பாகவும் வெளிவந்துள்ளன. கருவி வேண்டாம் என்போர் அதைத் தேடி வாங்கலாம். எங்கோ ஒருவர் இசையை நீக்கி ஏற்றிய பிரதி அவர்களுக்குத் தேவையில்லை.

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் சந்தா கட்டினால் இணையம் இல்லாதபோதும் கேட்கப் பாடல்களை இறக்கி வைக்கலாம். ஆனால் அது வாடகை வீடு போன்றது: சந்தா நின்றால் பாடலும் போய்விடும், செயலிக்கு வெளியே எடுக்கவும் இயலாது. முற்றிலும் இலவசமாக வேண்டுமெனில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்ற பாடல்கள் உள்ளன. பெயரைக் குறிப்பிடு, வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றாதே எனப் படைப்பாளர் வைக்கும் நிபந்தனைகள் பாடலுக்குப் பாடல் வேறுபடும். படித்துவிட்டே இறக்க வேண்டும். இண்டர்நெட் ஆர்க்கைவில் கிடைப்பதெல்லாம் அனுமதி பெற்றது என்று எண்ணிவிடலாகாது. அங்கு யாரும் எதையும் ஏற்றலாம்.

பழைய இசைத்தட்டுகள் குறித்து ஒரு விவரம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியான தட்டின் உரிமை 2020 இறுதியில் முடிந்தது. ஆனால் பாடலாசிரியரின் உரிமை அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீள்கிறது. பாடியவர் பெயரை ஊரே அறியும், எழுதியவர் பெயரை எவரும் அறியார் என்பது நம் இஸ்லாமியப் பாடல்களின் நெடுநாள் குறை. உரிமை என்று பேசும்போது முதலில் மறக்கப்படுபவரும் அவரே.

நிகாஹ் வீட்டில் பாட்டு ஒலிக்கலாமா என்று அஞ்ச வேண்டியதில்லை. மதச் சடங்கிலும், திருமணத்தை ஒட்டிய நிகழ்ச்சிகளிலும் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. கல்வி நிறுவனத்தின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர், பெற்றோர் முன் பாடுவதற்கும் விலக்கு உண்டு. மதரஸா ஆண்டு விழாக்களில் சிக்கல் எழுவது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் பாடியதைப் படம் பிடித்து, பின்னணிக்கு வேறொருவரின் இசையைச் சேர்த்து, யூடியூபில் ஏற்றிவிடுகிறோம். அந்த விலக்கு அவ்வளவு தூரம் நீளாது. விழாக் குழுவினர் உரிமையுள்ள நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்கலாம். காணொளிக்குப் பின்னணி ஒலி மட்டும் போதுமெனில், யூடியூப் தானே இலவசமாக வழங்கும் ஒலி நூலகத்திலிருந்து எடுக்கலாம்.

ஏற்கெனவே கைப்பேசியில் நிறைந்திருப்பதை என்ன செய்வது? விலைக்குக் கிடைப்பதை இப்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்க மனமில்லாததை அழித்துவிடலாம். இதுவரை அனுபவித்ததற்கு ஈடு செய்ய விரும்பியும் உரிமையாளரைக் கண்டறிய இயலாதபோது, உரியவர் தெரியாத பொருளுக்கு ஃபிக்ஹ் நூல்கள் காட்டும் வழியே இதற்கும் பொருந்தும்: அதன் மதிப்பை அவருக்காக ஏழைகளுக்கு ஸதகா செய்துவிட வேண்டும், பின்னர் அவர் வந்து கேட்டால் அவருக்கும் கொடுக்க வேண்டும்.