குல்லா புராணம்

'குல்லா' என்ற வார்த்தை நமக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'குலாஹ்'. இன்றைய டெஹ்ரான்வாசியின் வாயில் 'கொலாஹ்'. வார்த்தையோடு அதன் கெட்ட பெயரும் கூடவே வந்திருக்க வேண்டும். 'என் தலையில் குல்லா வைத்துவிட்டான்' என்று ஓர் ஈரானியர் புலம்பினால், நன்றாக ஏமாந்திருக்கிறார் என்று அர்த்தம். சரி, குல்லாவைத் தூக்குகிறவனாவது யோக்கியனா? ஊஹூம். 'கொலாஹ்பர்தார்', அதாவது குல்லா தூக்கி, என்றால் பக்கா மோசடிப் பேர்வழி. வைத்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இரண்டு பேருக்குள் மனஸ்தாபமா? அவர்கள் குல்லாக்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டன என்பார்கள். 'நீயே நியாயமாக யோசித்துப் பார்' என்பதற்கு, 'உன் குல்லாவை நீதிபதியாக வைத்துக்கொள்' என்று அழகாக ஒரு வழக்கு உண்டு.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், டெல்லிக்கு மாற்றலாகிப் போகிற நண்பன் ஒருவனுக்குக் கம்பளிக் குல்லா பின்னிக்கொண்டிருக்கிறேன். (ஆமாம் ஸார், எனக்குப் பின்னத் தெரியும். சிரிக்கிறவர்கள் கவனத்துக்கு: ஐரோப்பாவில் பல காலம் பின்னல்காரர் சங்கங்கள் ஆண்கள் கையில்தான் இருந்தன.) "சாதா மங்கி குல்லா வேண்டாம்டா, ராஜா மாதிரி ஏதாவது போடு" என்றான். ராஜா மாதிரி என்றால் எனக்குப் பாரசீகம்தான் ஞாபகம் வரும். புத்தகங்களைப் புரட்டி மாடல் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பெர்ஸெபோலிஸ். சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் டேரியஸ் கட்ட ஆரம்பித்த அரண்மனை. அதன் சுவர்ச் சிற்பங்களில் காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாரசீகர்கள் தலையில் உருளையாக, மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் பள்ளம் விழுந்த குல்லா. மீடியர்கள் தலையில் மொழுமொழுவென்று உருண்டைக் குல்லா. ஆளைப் பார்க்கவே வேண்டாம், குல்லாவை வைத்தே ஜாதகம் சொல்லிவிடலாம். பின்னுகிறவனுக்கு அந்த வரிகள் ஒரு வரப்பிரசாதம். இரண்டு கண்ணி நேர்ப் பின்னல், இரண்டு கண்ணி எதிர்ப் பின்னல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனால், ஸ்வெட்டர் கையோரத்தில் வருமே, அதே மேடு பள்ளம்தான். டேரியஸின் காவலர் ரெடி.

அடுத்தது ஸஃபாவிகள் காலத்துக் குல்லா. சிவப்பு நிறம், 12 இமாம்களைக் குறிக்கும் 12 மடிப்புகள். இதைப் போட்டவர்களுக்குக் 'கிஸில்பாஷ்' என்றே பெயர் வந்துவிட்டது. துருக்கிய மொழியில் சிவப்புத் தலையர். இவர்கள் தயவில்தான் 1501-ல் ஷா இஸ்மாயில் தப்ரீஸில் முடிசூடினார்.

இந்தக் குல்லாவுக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. ஷேர்ஷாவிடம் எல்லாவற்றையும் தோற்ற ஹுமாயூன், 1544-ல் உதவி கேட்டு இஸ்மாயிலின் மகன் ஷா தாமாஸ்ப் முன்னால் போய் நிற்கிறார். ஷா கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று, "எங்கள் குல்லாவைப் போட்டுக்கொள்வீரா?" அதைப் போட்டால் ஷியா நம்பிக்கைக்குத் தலை கொடுத்ததாக அர்த்தம். ஹுமாயூனோ சுன்னி. இருந்தும் சம்மதித்தார். ஷாவே தன் கையால் தலையில் வைத்தார் என்று கூடவே இருந்த பணியாள் ஜௌஹர் எழுதி வைத்திருக்கிறார். 12,000 குதிரைப்படையினர் கிடைத்தார்கள். 1545-ல் கந்தஹார், 1555-ல் டெல்லி. பிரமோஷனுக்காக மேலதிகாரிக்குக் குல்லா போடுவதுதான் நமக்குப் பழக்கம். அவர் மேலிடத்துக் குல்லாவைத் தானே போட்டுக்கொண்டு காரியத்தை முடித்தார்.

அதுவாவது கேட்டுவிட்டு வைத்த குல்லா. கேட்காமலே வைத்தது 20-ம் நூற்றாண்டில். 1925-ல் அரசரான ரெஸா ஷாவுக்கு நாட்டை நவீனமாக்கும் வேகம். ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் வேறு வேறு குல்லாவாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1927-ல் 'பஹ்லவி தொப்பி' வந்தது. உருளை வடிவம், நெற்றிக்கு மேல் நம் போலீஸ்காரர் தொப்பி மாதிரி ஒரு முன்விளிம்பு. 1928-ல் சட்டமே போட்டு, ஆண்கள் எல்லோரும் இதைத்தான் அணிய வேண்டும் என்றார்கள். மத போதகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு.

விளிம்பில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தொழுகையில் நெற்றி தரையில் படவேண்டும். தலையை மூடித் தொழுது பழகியவருக்கு விளிம்பு குறுக்கே நிற்கும். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு சமாளிக்கலாம். 1935-ல் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. இனி சுற்றிலும் விளிம்பு வைத்த ஐரோப்பியத் தொப்பிதான் என்று உத்தரவு. அந்த ஜூலையில் மஷ்ஹத் நகரத்து கோஹர்ஷாத் மசூதியில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் திரண்டார்கள். ராணுவம் உள்ளே புகுந்து சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. அடுத்த ஜனவரியில் பெண்களின் முக்காட்டுக்குத் தடை. 1979 புரட்சிக்குப் பின் வந்தவர்கள், அதே முக்காட்டைப் போட்டே ஆகவேண்டும் என்றார்கள். ஆட்சி மாறினாலும் கைகள் அடுத்தவர் தலையை விட்டு இறங்கவில்லை.

பஹ்லவி தொப்பியைப் பின்னவும் முடியாது. அட்டை வைத்து நிமிர்த்த வேண்டும். எனக்கும் இஷ்டமில்லை.

கஷ்காய் நாடோடிகளின் குல்லாதான் கடைசி வரை ஊசலாட வைத்தது. தெற்கே ஷிராஸைச் சுற்றி ஆடு மேய்க்கிறவர்கள். இரண்டு பக்கமும் காது மாதிரி மடல் தூக்கி நிற்கும். பெயரே 'தோகூஷி', இரட்டைக் காது. 1941-ல் ரெஸா ஷா பதவி விலகியதும், அவர்களின் தலைவர் நாஸர் கான் அதை மக்கள் தலையில் ஏற்றினார். எங்கள் குல்லா எங்களுக்கு என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

சிக்கல் என்னவென்றால் இது பின்னியதில்லை, 'நமத்'. ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் தெளித்து, உருட்டி அழுத்தி அச்சில் வைத்துச் செய்வது. ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. பெரிதாகப் பின்னி வெந்நீரில் கசக்கியும் இதைக் கொண்டுவரலாம். ஆனால் டெல்லி ஆபீசில் இரட்டைக் காதோடு போய் உட்கார நண்பன் தயாரில்லை.

ஆகவே பக்கவாட்டில் பெர்ஸெபோலிஸ், உச்சியில் ஸஃபாவி. அவன் தலைச் சுற்றளவு 58 செ.மீ. வரிப் பின்னல் இழுபடும், அதனால் 53-க்குக் கணக்குப் போட்டேன். என் ஊசிக்கும் நூலுக்கும் 10 செ.மீ.க்கு 18 கண்ணி. மொத்தம் 96 வைத்துக்கொண்டேன். நாலாலும் வகுபடும், பன்னிரண்டாலும் வகுபடும். 24 மேடு, 24 பள்ளமாக 18 செ.மீ. உயரம். காதை மூட 6 செ.மீ. மடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சிவப்பு நூல். 96-ஐ எட்டு எட்டாக 12 பங்கு போட்டு, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பங்குக்கு ஒரு கண்ணியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஏழு முறை குறைத்ததும் கையில் 12 கண்ணிகள் மிஞ்சும். நூலை அவற்றுக்குள் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டால் உச்சியில் 12 மடிப்புச் சக்கரம்.

நல்ல செம்மறிக் கம்பளி நூல். வெந்நீரில் போட்டுத் தேய்க்காதே என்று நண்பனிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. தேய்த்தால் அது தானாகவே நமத் ஆகி, தேங்காய்க்குத்தான் பொருந்தும்.