யானைப்போரில் நசுங்கிய இலாவோசு

1962-இல் செனீவாவில் 14 நாடுகள் இலாவோசின் நடுநிலையைக் காப்பதாக ஒப்பமிட்டன. ஒப்பமிட்ட கைகளே அதனைக் கிழித்தெறிந்தன! பொதுவுடைமையின் பெயரால் வடவியத்நாம் அம்மண்ணிற் படைவழி அமைத்தது. சோவியத்தும் சீனமும் படைக்கலம் ஈந்தன. பொதுவுடைமையைத் தடுப்பதன் பெயரால் அமெரிக்கா, 1964 முதல் 1973 வரை, தன் மக்களுக்கும் மறைத்து 20 இலக்கம் தொன்னுக்கு மேல் குண்டு பொழிந்தது.

மார்க்சையும் அறியான், வாசிங்டனையும் அறியான் அந்நாட்டு உழவன். மலைமுழையுள் ஒளிந்து, இரவில் ஏர் பூட்டினான். 27 கோடிச் சிறுகுண்டுகளுள் ஏறத்தாழ 8 கோடி வெடியாமற் புதைந்தன. இன்றும் உழுவோரையும் சிறாரையும் கொல்கின்றன. சோவியத்து ஒன்றியம் 1991-இல் கலைந்தது. பகை மாண்டது, குண்டு மாளவில்லை!

வல்லரசின் குடைக்கீழ்ச் சிறுநாட்டிற்கு நிழலில்லை, அனலே உண்டு!