மண்ணில் கைவைத்த பிள்ளைகள்



இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒருநாள், மூடுபனி இன்னும் விலகாத காலைப்பொழுதில், பாலர் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனின் தாயார் என் அறைக்கு வந்தார். அவர் கையில் மகனுடைய வெள்ளைச் சட்டை இருந்தது. அதன் முன்புறம் முழுவதும் சேறு.

"ஐயா, நானும் என் வீட்டுக்காரரும் விடிஞ்சா மண்ணுலயும் மலைச்சரிவுலயும்தான் கிடக்கிறோம். பிள்ளையாவது நாற்காலியில உட்கார்ந்து எழுதட்டும்னுதான் இங்க அனுப்புறோம். இங்கயும் அவனை மண்ணுலயே விட்டுட்டீங்களே" என்றார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபித்திருந்தால் விடை கூறுவது எளிதாயிருந்திருக்கும். டவுனில் உள்ள பாலர் பள்ளியில் நாள்தோறும் வீட்டுப்பாடம் தருகின்றார்களாம். அங்கே சேர்க்கலாமா என்று எண்ணுவதாகவும் கூறினார். நம்முடையது போன்ற சிறு பள்ளியில் ஒரு பிள்ளை விலகினாலும் அவ்விடம் வெறுமையாய்த் தெரியும். அன்று ஏதோ அரைகுறையாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அவர் வாய்விட்டுக் கேட்டதைப் பலர் மனத்துள் வைத்திருக்கின்றீர்கள் என்பதை அறிவேன். ஆதலின் முழு விடையை இம்மலரில் எழுதுகின்றேன்.

முதலில் அச்சட்டை சேறான கதையைக் கூறிவிடுகின்றேன். பாலர் வகுப்பு ஆசிரியை இரண்டு மரத்தட்டுகளைச் சாய்வாக வைத்தார். ஒன்றில் வெறும் மண். மற்றொன்றில் வேரோடு பெயர்த்தெடுத்த புல்தரை. பிள்ளைகள் பூவாளியால் இரண்டின் மீதும் நீர் ஊற்றினர். வெறும் மண்ணிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் ஓடிவந்தது. புல்லிலிருந்து வந்த நீரோ ஏறத்தாழத் தெளிவாயிருந்தது. இரண்டையும் போத்தல்களில் பிடித்துச் சன்னலோரம் வைத்தனர். மறுநாள் முதற்போத்தலின் அடியில் இரண்டு விரற்கடை மண் படிந்து கிடந்தது. அதைக் கண்ட ஒரு சிறுவன், "ரிங்லெட் ஏரிக்குள்ளயும் இப்படித்தான் மண்ணு இருக்குமா, டீச்சர்?" என்று கேட்டான். ஆசிரியை ஏரியைப் பற்றி ஒரு சொல்லும் அதுவரை கூறியிருக்கவில்லை.

அக்கேள்வி விளையாட்டன்று. ரிங்லெட் ஏரி இயற்கை ஏரியன்று. 1960களில் மின்சாரத்திற்காகச் சுல்தான் அபுபக்கர் அணை கட்டப்பட்டதால் உண்டான நீர்த்தேக்கம். மரங்கள் வெட்டப்பட்டுத் திறந்து கிடந்த சரிவுகளிலிருந்து மழை அடித்துவந்த மண், ஆண்டுக்காண்டு அதன் அடியை நிரப்பியது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, பெருமழையால் அணையின் நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம்மில் பலர் அதைக் கண்டோர். பெரியவர்கள் அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை ஐந்து வயதுப் பிள்ளை ஒரு பூவாளியைக்கொண்டு தானே கண்டறிகின்றான். அவன் சட்டையில் ஒட்டியிருந்தது அம்மண்தான்.

இனி என் குறையொன்றையும் ஒப்புக்கொள்கின்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியினின்று வெளிவந்த புதிதில் இம்மலையிலேயே ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு நீர் கொதிக்கும் பாடத்தை நடத்தினேன். நூலில் 100 பாகை என்றிருந்தது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன், "சார், 95லயே நிக்குது" என்றான். "வெப்பமானி பழுது, 100 என்று எழுது" என்றேன். அவனும் எழுதினான்.

வெப்பமானியில் பழுதே இல்லை. கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை ஒரு பாகை இறங்குகின்றது. தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. ஈப்போவில் வேகும் நேரத்திற்குள் இங்கே பருப்பு வேகாது என்பது அடுப்படியில் நிற்கும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். அதையும் அறியாமல் நான் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டவனைப் பொய்யனாக்கினேன். அம்மாணவர் இப்போது கோலாலம்பூரில் லாரி ஓட்டுகின்றார். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைச் சொல்லி வருந்தினேன். "எனக்கு ஞாபகமே இல்ல, சார்" என்று சிரித்தார். எனக்கு மறக்கவில்லை.

பிள்ளைகளை இயற்கையிடம் அழைத்துச் சென்று கற்பிப்பது புதுமோகம் என்று நினைப்பாரும் உளர். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கிலேய ஆட்சியில் அவர் பகைநாட்டவராகக் கருதப்பட்டார்; ஊர் திரும்ப வழியில்லை. 1942 முதல் ஈராண்டுக் காலம் கோடைக்கானல் மலையில் வாழ்ந்தார். அங்கே செடிகளையும் சிற்றுயிர்களையும் பிள்ளைகளின் கண்முன் வைத்துக் கற்பித்த பட்டறிவு, பின்னாளில் உலகெங்கும் பரவிய அவருடைய கல்விமுறையின் ஒரு பகுதியாயிற்று. தமிழ்நாட்டு மலை ஒன்றில் விளைந்த முறை நம் மலைக்கு ஒவ்வாதா என்ன?

நம் தோட்டத்தில் இதற்குரிய பொருள் வேலியைத் தாண்டினால் கிடைக்கின்றது. ஜூன் மாதத்தில், ஓய்வுபெற்ற பாட்டி ஒருவரைப் பாலர் வகுப்பிற்கு அழைத்திருந்தோம். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கொழுந்தெடுப்போரிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாட்டவர் பலர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளுவதை நம் பிள்ளைகள் பலர் பார்த்ததேயில்லை. பாட்டி தம் பழைய கூடையுடன் வந்து கிள்ளிக் காட்டினார். பிள்ளைகள் கொழுந்தைத் தராசில் நிறுத்து, உலரவிட்டு, மறுநாள் மீண்டும் நிறுத்தனர். தட்டு மேலே ஏறிவிட்டது. "தண்ணி எங்க போச்சு?" என்று இலைக்கடியில் தேடினாள் ஒரு சிறுமி. 1 கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதன் பொருளை அவள் அன்று பாதி கண்டுகொண்டாள்.

பின்னர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார்கள். மணம் மாறிற்று. சற்று நேரத்தில் பச்சை இலை செம்பு நிறமாயிற்று. ஆசிரியை வேறு சில இலைகளைத் தாமே கொதிநீரில் தோய்த்தெடுத்து, ஆறியபின் கசக்கக் கொடுத்தார். அவை பச்சையாகவே இருந்தன! பிள்ளைகள் திகைத்தனர், உண்மையைச் சொன்னால் ஆசிரியைக்கும் விளக்கம் உடனே வரவில்லை. பாட்டிதான் சொன்னார்: "சூடு பட்டா நெறம் மாறுறது நின்னுபோகும். அதான் ஃபேக்டரியில கடைசியா சூடு காட்டுறாங்க. இல்லாட்டி கறுத்துக்கிட்டே போகும்." இலையினுள் உள்ள நொதி, காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகின்றது, வெப்பம் அந்நொதியை அழித்துவிடுகின்றது. கல்லூரியில் இதை வேறு சொற்களில் படிப்பார்கள், அவ்வளவே. நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்த அவரிடம் அதுவரை எந்தப் பள்ளிக்கூடமும் எதையும் கேட்டதில்லை.

எழுத்து வேண்டாம் என்று நான் கூறவில்லை. 'நீர்', 'மண்', 'இலை' என்று அப்போத்தல்களிலும் தட்டுகளிலும் எழுதி ஒட்டியவர்கள் அப்பிள்ளைகளே. தொட்ட பொருளின் பெயரை எழுதுவதால் அது மனத்தில் நிற்கின்றது. 2003ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் முறை வந்தபோது நானும் கற்பித்தேன். பிள்ளைகள் சொற்களை அழகாக ஒப்பித்தார்கள். துணி காய்வதும் அச்சொல்லும் ஒன்றென்று பலர் அறியவில்லை. ஆங்கிலம் நன்கு வரட்டும். ஆனால் முதல் வியப்பு வீட்டு மொழியில் வரட்டும். நகலெடுத்த பயிற்சித்தாளில் ஆப்பிளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுவதை மட்டும் நான் கல்வி என்று ஒப்பமாட்டேன். நம் ஊரில் ஆப்பிள் காய்ப்பதுமில்லை.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அவ்வச்சம் நம் வீடுகளில் இன்னும் குடியிருந்து ஐந்து வயதுப் பிள்ளையின் மடியில் பயிற்சி நூலை வைக்கின்றது. "எங்களைப்போல் ஆகிவிடக்கூடாது" என்னும் அந்த அச்சத்தை நான் இகழவில்லை. என் தாயாரும் கூடை சுமந்தவர்தாம்.

சட்டையைப் பற்றிய குறை மட்டும் முற்றிலும் நியாயமானது. இம்மலையில் துணி காய மூன்று நாளாகும். ஆகவே அடுத்த பள்ளித் தவணை முதல், அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், சீருடைமேல் மாட்டிக்கொள்ளட்டும். மூடியுள்ள போத்தல்கள், ஓட்டையில்லாத பிஸ்கட் டின்கள், வேலை செய்யும் பழைய தராசு ஆகியனவும் தேவை. தாத்தா பாட்டிமார் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு வரலாம். அன்று பிள்ளைகள் கசக்கி உலர்த்திய தேயிலையில் தேநீர் தருவோம். சற்றுப் புகைநெடி அடிக்கும், பொறுத்தருள்க.