ஊர் பேர் சொல்லும் நாய்க்கு ஆஸ்பத்திரி எங்கே?

வன்னியம்பட்டி டீக்கடையில் ராஜபாளையம் நாய் என்று பேச்சை எடுத்தால் போதும், அரை மணி நேரம் ஓடும். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, காவலுக்குக் கெட்டி! 2005 ஜனவரியில் தபால் தலையில் ஏறிய நாய். 2020 ஆகஸ்டில் பிரதமரே ரேடியோவில் பேர் சொன்ன நாய்.

பெருமை சரி. அதற்கு உடம்புக்கு வந்தால்?

குட்டிக்கு "பார்வோ" வந்துவிட்டது என்று வையுங்கள். வாந்தி, ரத்தபேதி. ஒன்றிரண்டு நாளில் உடம்பு வற்றிவிடும். ராப்பகலாக டிரிப் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஊர் கால்நடை டாக்டர் மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர். ஒரு குட்டி பக்கத்தில் விடிய விடிய உட்கார அவரால் ஆகுமா? அவரைக் குறை சொல்ல மாட்டோம்.

கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் கதை வேறு. மாணவர்கள் முறை போட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் படிப்பு, குட்டிக்கு உயிர். சென்னை வேப்பேரியில் 1903-லிருந்தே கல்லூரி நடக்கிறது. நமக்குக் கிட்டத்தில் என்றால் 2012-ல் வந்த நெல்லை ராமையன்பட்டி கல்லூரிதான். கிட்டம் என்ன கிட்டம்! நாயோடு பஸ் ஏற கண்டக்டர் விடுவாரா? வாடகைக் கார்தான்.

இன்னொரு சங்கதி. இந்த வெள்ளை நாய்களில் சில குட்டிகள் பிறவிச் செவிடு. வளர்க்கிறவர்கள் கையைத் தட்டிப் பார்க்கிறார்கள். குட்டி கையசைவைப் பார்த்தே திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியும் தப்பித்துவிடும். பிறகு அதையே இனப்பெருக்கத்துக்கு விட்டால்? சத்தம் மூளைக்குப் போகிறதா என்று காட்டும் மெஷின் இருக்கிறது. அது வேண்டும். எந்தத் தாய்க்கு எத்தனை செவிட்டுக் குட்டி என்று வருஷக்கணக்கில் எழுதி வைக்க ஆளும் வேண்டும்.

"மனுஷனுக்கே மருந்தில்லை, நாய்க்கா?" என்பார்கள். வெறிநோய் முற்றினால் மனுஷனைக் காப்பாற்ற வழியில்லை அய்யா! நாய்க்கு ஊசி போடுவது யாருக்காக?

மும்பையில் 2024-ல் டாட்டா டிரஸ்ட் ரூ.165 கோடியில் பிராணி ஆஸ்பத்திரி திறந்தது. நமக்கு அத்தனை வேண்டாம். நெல்லைக் கல்லூரிக்கு ஒரு கிளை, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, வன்னியம்பட்டி பக்கம் போதும். இடம் சர்க்கார் தரட்டும், டாக்டரைக் கல்லூரி அனுப்பட்டும்.

மாதச் செலவு? கட்டடம் கட்டிக் கல்வெட்டில் பேர் போட ஆள் வருவார்கள். மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் கொடுக்கிறவர்தான் நிஜ ஆதரவாளர். முதன்மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இது. மில்காரர்களும் கடைக்காரர்களும் மாதம் ஒரு தொகை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். விருதுநகர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள்.