விடுதியும் விதியும்

ஆண்டுதோறும் ஆனி பிறந்ததும், நமது கடற்கரை ஊர்களிலிருந்து பெட்டி படுக்கையுடன் புறப்படும் இளைஞர்களைக் காண்கிறோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி, தொண்டி முதலிய ஊர்ப் பிள்ளைகள் இராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் பரமக்குடிக்கும், இன்னுஞ் சிலர் காரைக்குடிக்கும் மதுரைக்கும் படிக்கப் போகிறார்கள். தகப்பனார் கடலுக்குப் போகிறவர், அல்லது பனையேறுகிறவர். தாயார் கடற்பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறவர். அன்றாடம் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருவது இவர்களில் பலருக்கு இயலாத காரியம். விடுதியில் இடமுண்டானால் படிப்புண்டு; இல்லையேல் இல்லை.

ஆகையால், விடுதியில் சேரும் நாளன்று "கீழ்க்கண்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன்" என்று அவர்கள் கையொப்பமிடும் அந்த ஒற்றைத் தாள் சாமானியமானதன்று. பதினேழு பதினெட்டு வயதில் ஒருவர் தாமே உடன்பட்டு ஏற்கும் முதற் சட்டம் அதுவே. அச்சட்டத்தைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார், அதன்கீழ் மூன்று வருஷம் வாழ்ந்தவர் எப்படிப்பட்ட பிரஜையாக வெளிவருவார் என்று கேட்பது தேச நலத்தில் நாட்டமுள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

விதியே வேண்டாமென்பது நமது கட்சியன்று. 1996-ம் வருஷத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணாக்கர் ஒருவர் மூத்த மாணாக்கரின் கொடுமைக்கிரையாகி உயிரிழந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கிற்று. அதன் விளைவாக 1997-ல் பகிடிவதையைத் தடுக்கும் சட்டம் நமது மாகாணத்தில் பிறந்தது. விதியற்ற விடுதியில் வலியவன் வாய்ச்சொல்லே விதியாய்விடும். எளியவரைக் காக்கும் விதி எத்துணைக் கடுமையாயினும் நாம் அதை வரவேற்போம். வேறு சில விதிகளைப் பற்றியே நமக்குத் தகராறு.

அவ்விதிகளுக்குக் காரணம் கேட்டால் நிர்வாகிகள் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "பெற்றோர் இவ்வாறு விரும்புகிறார்கள்." இவ்விடை புதியதன்று. நூறு வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டுத் தேசிய இயக்கத்தையே பிளந்த விடை இது.

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் வ. வெ. சு. ஐயர் நடத்திய குருகுலத்தை நமது வாசகர்கள் அறிவர். தேசிய உணர்ச்சியுள்ள இளைஞர்களை உருவாக்க வேண்டுமென்ற உயர்ந்த நோக்கத்துடன் அது நிறுவப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் நன்கொடையளித்தது. ஐயருடைய தியாகத்தைச் சந்தேகிப்பார் எவருமிலர். ஆயினும் அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியிடத்தில் உணவளிக்கப்பட்டது. ஏனென்று கேட்டதற்கு, அவர்களுடைய பெற்றோர் வேண்டிக்கொண்டதாகவும், தாம் வாக்களித்துவிட்டதாகவும் ஐயர் கூறினார். வழக்கு காந்தியடிகள் வரையிற் சென்றது. கொடுத்த வாக்கு அவ்விருவர் மட்டில் காக்கப்படலாம், இனி அவ்வாறு யாரையும் சேர்க்கலாகாது என்ற வகையில் அடிகள் சமரசங் கூறினார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் அதை ஏற்கவில்லை. 1925-ல் ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். அவ்வருஷம் ஜூனில் பாபநாசத்தருகே அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். அவ்வாண்டு முடியுமுன் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ விவாதத்தை யொட்டி நாயக்கர் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

இரண்டு பிள்ளைகளின் இலை எங்கே போடப்பட வேண்டுமென்ற சிறு விஷயம் ஒரு மாகாணத்தின் அரசியற் போக்கையே மாற்றத் துணைசெய்தது. பெற்றோரின் விருப்பம் மதிக்கத்தக்கதே. ஆனால் பொதுப்பணத்தில், பொதுக்கூரையின்கீழ் நடக்கும் விடுதியில், ஒரு பெற்றோரின் விருப்பம் மற்றொரு பிள்ளையின் மானத்தைக் குறைக்குமானால், அது விதியாகத் தகுதியற்றது. சேரன்மாதேவி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

இதற்கு நேரெதிரான சான்று நமது இராமேசுவரத்திலேயே உண்டு. படகோட்டும் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம், தீவில் ஆரம்பக் கல்வி முடிந்ததும் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். 1950-ல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரி விடுதியிற் சேர்ந்தார். அங்கே அவருடைய அறையிலிருந்த மற்ற இருவரில் ஒருவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவப் பிராமணர். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக்கூடத்தின் காரியதரிசிப் பொறுப்பு கலாமிடம் வந்தது. கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்தும் விடுதியில், சைவச் சாப்பாட்டுக்கு ஒரு முஸ்லிம் இளைஞர் பொறுப்பாளர்! பிற்காலத்தில் 2002 முதல் 2007 வரை அவர் இந்தியக் குடியரசின் தலைவராக இருந்தபோது நாட்டு மக்கள் அவரிடம் கண்ட குணங்களில் ஒரு பகுதியேனும் அந்த அறையிலும் அந்த உணவுக்கூடத்திலும் பழகியதென்று நாம் கருதுகிறோம். மூவரையும் மூன்று வகுப்பு விடுதிகளுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

நமது ஜில்லாவுக்கு இப்பாடம் மற்றெதைக் காட்டிலும் அவசியமானது. 1957-ல் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. ஊரில் தெருவும் கிணறும் சுடுகாடும் பிரிந்து கிடக்கையில், இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்ப் படுத்தெழும் ஓரிடம் விடுதியாகத்தான் இருக்க முடியும். 2025 ஜூலையில் தமிழ்நாட்டு அரசினர் தமது நலத்துறை விடுதிகளனைத்துக்கும் "சமூகநீதி விடுதிகள்" என்று பொதுப்பெயரிட்டார்கள். இவ்விடுதிகள் 2,700-க்கு மேற்பட்டவை. அவற்றில் தங்கும் மாணாக்கர் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டவர். வாசற்பலகையிலிருந்து ஜாதியை நீக்கியது நல்ல தொடக்கம். ஆனால் பலகை மாறினால் போதுமா? அறை ஒதுக்கும் பட்டியலிலும் பந்தியிலும் அது மாறவேண்டும். எவருடன் எவரைச் சேர்த்து வைப்பதென்பதைக் காப்பாளரின் மனப்போக்குக்கு விடாது, குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டுமென விதி செய்வதில் என்ன கஷ்டம்?

அடுத்து, பெண்கள் விடுதியின் கதவைப் பற்றிப் பேசுவோம். சகோதரன் நூல் நிலையத்திலிருந்து இரவில் திரும்பி வரலாம். சகோதரியின் விடுதிக் கதவு மாலையிலேயே பூட்டப்படும் என்பது இன்றும் பல கல்லூரிகளின் வழக்கம். இங்கும் அதே பழைய விடைதான்: பெற்றோர் விரும்புகிறார்கள்! அண்டையிலுள்ள கேரளத்தில் இவ்விஷயம் நீதிமன்றமேறி முடிவு கண்டுள்ளது. கோழிக்கோடு ஜில்லாவில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணிவரை கைப்பேசி வைத்திருக்கலாகாதென்று விதித்தார்கள். கட்டுப்பட மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அவரை மீண்டுஞ் சேர்க்குமாறு உத்தரவிட்டது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வியுரிமையோடு சேர்ந்ததென்றும் தீர்ப்பளித்தது. 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து அதே மன்றத்தை அணுகினர். அவ்வாண்டு டிசம்பரில், ஆண் பெண் இருபாலார் விடுதிக்கும் ஒரே நேரவிதியென்று அம்மாகாண அரசினர் உத்தரவிட்டனர்.

பாதுகாப்புக்காகத்தானே என்பர். தெருவில் விளக்கில்லை, பேருந்தில்லை, காவலில்லை என்றால் அவற்றை உண்டாக்குவதே பாதுகாப்பு. குற்றஞ் செய்யக்கூடியவனைத் தெருவில் விட்டுவிட்டுக் குற்றமறியாதவளை உள்ளே பூட்டுவது என்ன நியாயம்? பதினெட்டு வயதில் வாக்களித்து அரசாங்கத்தை மாற்றும் உரிமையை 1989 முதல் இத்தேசம் தன் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கொடுத்திருக்கிறது. முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவள் எப்போது நூல் நிலையத்திலிருந்து திரும்புவதென்று தீர்மானிக்கத் தகுதியற்றவளா? நேரக்கட்டுப்பாடு வேண்டுமாயின் இருபாலார்க்கும் ஒன்றாக இருக்கட்டும்.

நமது கரையோரத்தாரின் வாழ்க்கையை அறியாது செய்யப்படும் விதிகளும் உள. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில் விசைப்படகில் போகிறவர் வீட்டில் வருமானமில்லை. கல்லூரி திறப்பதோ அதை யொட்டியே. கட்டண விடுதிகளில் வருஷத்துக் கட்டணம் முழுவதையும் சேரும்போதே கட்டவேண்டுமென்றால் கைகாய்ந்த குடும்பம் எங்கே போகும்? வட்டிக்கடைக்குப் போகும், அல்லது மகனைப் படகிலேற்றும். மூன்று தவணையாக வாங்கினால் விடுதி மூழ்கிவிடாது.

விடுமுறைக் கடிதத்தில் தகப்பனார் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்பது இன்னொரு விதி. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது; தகப்பனார் யாழ்ப்பாணத்துச் சிறையிலிருக்கிறார்; வீட்டில் தாயார் தனியே அழுதுகொண்டிருக்கிறார். மகள் யாரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவாள்? இது நாம் கற்பித்த விசித்திரமன்று. இராமேசுவரம் கரையில் வருஷந்தோறும் பல குடும்பங்களுக்கு நேரும் கதி. தாயாரின் ஒரு தொலைபேசிச் சொல்லை ஏற்கும் மனம் விதிக்கு இருக்கவேண்டாமா?

வயிற்றுப்பாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. அரசினர் விடுதியில் கல்லூரி மாணாக்கருக்கான உணவுப்படி 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். அந்த ஐம்பதில் ஐந்து ரூபாய் வழியில் கசிந்தாலும் தட்டில் தெரிந்துவிடும். வாங்கிய சாமான், விலை, சமைத்த அளவு ஆகியவற்றைத் தினந்தோறும் உணவுக்கூடச் சுவரில் எழுதி வைக்க வேண்டுமென்ற விதி எத்தனை விடுதிகளில் உள்ளது? மாணாக்கருக்கு நூறு கட்டளையிடும் தாளில் நிர்வாகத்துக்கு ஒரு கட்டளையேனும் இருக்க வேண்டாமா?

கடைசியாக, தண்டனையைப் பற்றி. விடுதியினின்றும் நீக்குவது இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியினின்றும் நீக்குவதேயாகும். சட்டத்தொழிலிற் பழகியவர் எவரும், குற்றச்சாட்டை எழுதிக் கொடாமலும் மறுமொழி கேளாமலும் இத்தகைய தண்டனை விதிப்பதைச் சகியார். ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணாக்கர் சிலர் பெண்கள் விடுதிக்குள் புகுந்து அட்டூழியஞ் செய்த வழக்கில், சாட்சி சொன்ன பெண்களை அவர்கள் முன் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய விடவேண்டியதில்லையென்று உச்சநீதிமன்றம் 1973-ல் கூறியது உண்மையே. எளியவரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. அவ்வழக்கிலுங்கூடக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குக் குற்றத்தை அறிவித்து, அவர்கள் சமாதானத்தைக் கேட்ட பின்னரே தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அளவு நியாயமேனும் ஒவ்வொரு விடுதியிலும் கிடைக்கவேண்டும்.

நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு விடுதியிலும் மாணாக்கர் தாமே தேர்ந்தெடுக்கும் சபையொன்று இருக்கட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் காப்பாளரும் அச்சபையும் ஒருங்கமர்ந்து விதிகளை ஆராயட்டும். ஒவ்வொரு விதியின் கீழும் அதன் காரணம் எழுதப்படட்டும்; காரணம் எழுத இயலாத விதி எடுபடட்டும். சபை செய்த விதியை மீறும் மாணாக்கரைச் சபையே கண்டிக்கட்டும். அப்போது கட்டுப்பாடு குறையுமென்று அஞ்சுவோர், அந்நிய ஆட்சியாளர் நமது மூதாதையரைப் பற்றிச் சொன்ன அதே வாதத்தை நமது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுகிறார்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தம்மைத் தாம் ஆளப் பழகுவதற்கு ஆளத் தொடங்குவதன்றி வேறு வழி உலகில் எவருக்குங் கிடைத்ததில்லை.

தேசபக்தர்கள் மேடையிற் பேசும் வேலையோடு, தத்தம் ஊரிலுள்ள விடுதிக்கு ஒருநாள் சென்று, பிள்ளைகளுடன் பந்தியிலமர்ந்து உண்டு, சுவரில் தொங்கும் விதிகளை ஒருமுறை வாசித்துவரட்டும். விதித் தாளில் வெட்கப்படத்தக்கது ஏதேனும் இருந்தால் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். கல்லூரி நிர்வாகிகளும் அரசினரும் அதற்கு முன்னரே ஆவன செய்வார்களென்று நம்புகிறோம்.