மழையின் மேல் பழி

மழைக்கு வாய் இல்லை. இருந்தால், கார்த்திகை மாதந்தோறும் நம் நகரவாசிகள் அதன்மேல் சுமத்துகிற பழிக்கு அது வக்கீல் வைத்து வாதாடியிருக்கும். அந்த வக்கீல் வேலையை இன்று நானே எடுத்துக்கொள்கிறேன். பீஸ் வேண்டாம்.

நான் அம்பகரத்தூர்க்காரன். காரைக்காலைச் சேர்ந்த ஊர். பத்ரகாளி கோயில் உள்ள ஊர் என்றால் நாகைப் பக்கத்தார் தெரிந்துகொள்வார்கள். காவிரிக்குக் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர், மேலே உள்ளவர்களெல்லாம் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சமிருந்தால் எங்களுக்கு வரும். ஐப்பசி கார்த்திகையிலோ, அவர்கள் வேண்டாமென்று வடித்த வெள்ளமும் எங்கள் பக்கமாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் எழுத்தறியாதவனுக்கும் ஒரு பாடம் தெரியும். தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் வேண்டும். போவதற்கு வடிகால் வேண்டும். வடிகாலை அடைத்தவன் வாசலில் ஊரே வந்து நிற்கும்.

சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இந்தப் பாடம் மறந்துவிட்டது.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரு நாளைக்குள் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை கொள்ளாமல் ஊருக்குள் வந்தது. வேளச்சேரியில் குடியிருந்த என் சித்தப்பா, சித்தியோடு மூன்று நாள் மொட்டை மாடியில் கழித்தார். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு அது. தண்ணீர் வடிந்த பின் ஊருக்கு வந்தவர், “நூறு வருஷமாப் பெய்யாத மழைம்மா” என்றார்.

பாட்டி கேட்டாள்: “மழை கிடக்கட்டும். நீ வீடு வாங்கின இடத்திலே முன்னே என்னடா இருந்தது?”

சித்தப்பா சற்றுத் தயங்கினார். “ஏரிதான். இப்பவும் கொஞ்சம் இருக்கு.”

பாட்டி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தப்பாவை மட்டும் சொல்வானேன்? தியாகராய நகரமே 1920-களில் ஏரியை வடித்து எழுப்பியதுதான். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்ப்பதற்கு லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது. கரை இருந்த இடம் தெருவாயிற்று, ஏரி போன இடம் தெரியவில்லை. செத்தவர் படத்துக்கு மாலை போடுவதுபோல, ஏரியைத் தூர்த்துவிட்டுப் பெயரை மட்டும் பலகையில் மாட்டி வைத்திருக்கிறோம். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், வந்த வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பியது. அதில் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலையும் கட்டிடங்களும் விழுங்கிவிட்டன.

“எல்லாம் சர்க்கார் செய்த கோளாறு” என்பீர்கள். மெய்தான். அந்த வெள்ளம் மனிதன் வரவழைத்த பேரிடர் என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையே 2018-ல் சொல்லிவிட்டது. ஆனால் ஏரியில் மனை போட்டவனுக்குப் பணம் கொடுத்தவர் யார்? பால் காய்ச்சியவர் யார்? நீங்களும் நானுமல்லவா!

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் குற்றவாளியைத் தேடினோம். அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடிசை போட்டிருந்த ஏழைகள் அகப்பட்டார்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினோம். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்! ஆற்றில் நனைந்தவர்களை ஏரியில் நனைய அனுப்பிய புண்ணியம் நம்முடையது. நீர்வழியை மறித்து எழுந்த பெரிய கட்டிடங்களுக்கோ ஒரு கீறலும் விழவில்லை. குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. மாளிகை கட்டினால் அபிவிருத்தி. இந்த அகராதியை எழுதிய புலவர் யாரோ!

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு தரகர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். எனக்குப் பாகத்தில் வந்தது ஊரிலேயே பள்ளமான வயல். மேல் வயல்களின் தண்ணீரெல்லாம் அதில் இறங்கித்தான் வடிகாலுக்குப் போகும். “நெல்லுக்குத்தான் சார் இது மட்டம். மண்ணடித்து மனை போட்டால் தங்கம்” என்றார். அவர் சொன்ன தொகை, நான் நாவல்கள் எழுதிச் சம்பாதித்ததைப் போல் பல மடங்கு. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் முடியாதென்று சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. மேல் வயல்காரர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டுமே என்ற பயந்தான்.

நகரத்தில் அந்தப் பயம் இல்லை. அங்கே மேல் வயல்காரன் யார் என்பதே யாருக்கும் தெரியாது.

மனை வாங்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாஸ்து பார்க்கிறீர்கள், ராகு காலம் பார்க்கிறீர்கள். தாலுகா ஆபீசுக்குப் போய் அந்த இடத்தின் ‘அ’ பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் ஒரு தரம் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதற்கும் மேலே வாங்கிக் குடியேறினால் பிறகு மழையைத் திட்டாதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.