வன்தட்டு டிக் டிக்குனா முதல்ல கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியலை. காரணம் எங்க மாமாவோட பொட்டி.

மாமாவுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல கமிஷன் கடை. தக்காளி, முருங்கை கொண்டு வர்ற விவசாயிகளுக்கு எவ்வளவு தரணும், கேரளா வியாபாரிங்ககிட்ட இருந்து எவ்வளவு வரணும், எல்லாக் கணக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்புலதான். போன மாசம் ஒரு நாள் விடிகாலைல போன். "மாப்ள, பொட்டி எந்திரிக்க மாட்டேங்குது. உள்ளார டிக் டிக்குனு சத்தம் வேற. வந்து பாரு சாமி."

நான் போறதுக்குள்ள பக்கத்துக் கடைத் தம்பி நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, செக்டிஸ்க்கும் ஓட விட்டுட்டார். இன்னொருத்தர் "ஃபார்மேட் போட்டா சரியாயிடும்"னு பென் டிரைவோட ரெடியா நிக்கிறார். நல்ல மனுசங்கதான். ஆனா என் சண்டையே இங்கதான்.

நாம எல்லாரும் வன்தட்டை ரிப்பேர் பண்ணத்தான் பாக்குறோம். தட்டு போனா போகட்டுங்க, கடையில வேற கிடைக்கும். உள்ள இருக்குற கணக்கு எந்தக் கடையிலயும் கிடைக்காது. முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர். இதான் என் கட்சி.

சாதாரண டெஸ்க்டாப் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தும். படிக்கிற ஹெட் அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல மிதக்குது. டிக் டிக் சத்தம்னா பெரும்பாலும் ஹெட் தடம் கிடைக்காம போய்ப் போய்த் திரும்புதுன்னு அர்த்தம். மறுபடி மறுபடி ஆன் பண்ணினா தட்டுல கீறல் விழலாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கு பண்ற கருவி. சாகக் கிடக்குற தட்டுக்கு அது மருந்து இல்லை.

நான் செய்யறது இதுதான்:

1. சத்தம் வந்தா உடனே கரண்டை நிறுத்தணும். டேட்டா முக்கியம்னா மீட்டெடுக்கிற லேபுக்குத்தான் போகணும். மூடியைத் திறக்கறது, ஃப்ரீசர்ல வைக்கறது எல்லாம் வேண்டாம் சாமி.

2. சத்தம் இல்லை, தட்டு மட்டும் தெரியலையா? சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாத்திப் பாருங்க. ஸ்மார்ட் அறிக்கைல 199ம் எண் ஏறிட்டே போனா அனேகமா கேபிள் கோளாறு. 5, 197, 198 ஏறினா தட்டே படுக்கப் போகுது.

3. தட்டு தெரியுது, ஆனா திணறுதா? லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ மூலமா வேற தட்டுக்கு நகல் எடுங்க. உங்க வித்தையெல்லாம் அந்த நகல்ல காட்டுங்க.

"ஸ்மார்ட்ல நல்லாருக்குன்னு காட்டுதே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ஞ்சு கூகுள்காரங்க 2007ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. செத்துப்போன தட்டுகள்ல பாதிக்கு மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்கள்லயும் ஒரு எச்சரிக்கை கூடக் காட்டலையாம்!

சரி, மாமா கதை? கோயமுத்தூர்ல ஒரு லேப்ல கொடுத்தோம். தட்டுல கீறல், ஒண்ணும் தேறாதுன்னுட்டாங்க. ஆடிட்டருக்காக எடுத்த மூணு மாசப் பழைய காப்பிதான் மிச்சம். அதுக்கப்புறம் நடந்த கணக்கை விவசாயிங்க கையில இருந்த சீட்டை வாங்கித்தான் திரும்ப எழுதினோம். ஒரு பெரியவர் தனக்கு வர வேண்டிய சீட்டோட, தான் வாங்கின முன்பணச் சீட்டையும் எடுத்துட்டு வந்தார். அதை அவர் காட்டலைன்னா எங்களுக்குத் தெரியவே தெரியாது. மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கேரளா பக்கம் ரெண்டு பேர் கணக்கு இன்னும் ஒத்து வரலை.

இப்ப தினம் கடை சாத்தும்போது ரெண்டு பென் டிரைவ்ல மாத்தி மாத்திக் காப்பி எடுக்கறார். ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்ல. ஒரே இடத்துல இருக்குற கணக்கு கணக்கே இல்லைங்க.

டிஸ்கி: உங்க பழைய பதிவு, குழந்தை போட்டோ எல்லாம் எந்தத் தட்டுல இருக்கு? முதல்ல போய்க் காப்பி எடுங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம் :)